பொம்மையில் எஞ்சிய ராட்சசர்கள்

1965இல் ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த ஒரு படத்துக்காகப் பராகான் என்ற ராட்சசனின் உடை தயாரானது. நெற்றியில் கொம்பு, அகன்ற காதுகள், முதுகு நெடுகத் தகடுகள். உள்ளே ஒரு நடிகர் நுழைந்து தவழ்ந்தபடி நடிக்க வேண்டும். படம் முடிந்தபின் அந்த உடை சுபுராயா புரொடக்‌ஷன்ஸின் கைக்குப் போனது. அங்கே தலையை மாற்றி, ‘அல்ட்ரா க்யூ’ தொலைக்காட்சித் தொடரில் பாகோஸ் ஆக்கினார்கள். அடுத்த தொடரான ‘அல்ட்ராமேன்’ தொடங்கியதும் அதே உடல் மின்சாரம் தின்னும் நெரோங்கா ஆனது. பிறகு மகுலார். அதற்கு அடுத்த வாரமே, கழுத்தைச் சுற்றிப் பெரிய இதழ்கள் பொருத்தப்பட்டு, யுரேனியம் தின்னும் கபோரா. 1968இல் தோஹோவுக்கே திரும்பி, மறுபடியும் பராகானாகச் சிறிது நேரம் திரையில் தலைகாட்டியது. ஒரே உடலுக்கு மூன்று ஆண்டுகளில் ஐந்து பெயர்கள்.

காட்ஸில்லாவுக்கும் இதே கதிதான். ‘அல்ட்ராமேன்’ தொடரின் 10ஆம் பகுதியில் ஜிராஸ் என்று ஒரு ராட்சசன் ஏரியிலிருந்து எழுந்து வருவான். காட்ஸில்லா உடைக்குக் கழுத்தில் ஒரு மஞ்சள் விசிறியைக் கட்டி, மேலே கொஞ்சம் வண்ணம் அடித்திருந்தார்கள். சண்டையின் நடுவில் அல்ட்ராமேன் அந்த விசிறியைப் பிய்த்து எறிந்ததும் எதிரே நிற்பது யாரென்று வீட்டிலிருந்த குழந்தைகளுக்குத் தெரிந்துவிட்டது.

சிக்கனம்தான் காரணம். வாரத்துக்கு ஒரு ராட்சசன் வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் புது உடை செய்யப் பணமும் இல்லை, நாளும் இல்லை. லேட்டக்ஸ் ரப்பரும் யுரேதேன் நுரையும் சேர்த்துச் செய்த அந்த உடைகள் விளக்குச் சூட்டிலும் வியர்வையிலும் தண்ணீரிலும் வெடிமருந்துப் புகையிலும் கிடந்து சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். ஒளிபரப்பு முடிந்ததும் கேளிக்கைப் பூங்கா மேடைகளுக்கு அனுப்பப்பட்டு அங்கே கிழிந்தவையும் உண்டு. இன்று 1966இன் ராட்சசர்களைத் தேடிப் போனால் படச்சுருள் கிடைக்கும், வரைபடம் கிடைக்கும், புகைப்படம் கிடைக்கும். கையால் தொடக்கூடிய உருவமாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த ஆண்டுகளில் குழந்தைகளுக்காக வார்த்த வினைல் பொம்மைதான். திரையில் நடமாடியது மக்கிப்போக, அதைப் பார்த்துச் செய்த மலிவான நகல் பிழைத்துக்கொண்டது.

நடுவயதில் இந்தப் பொம்மைகளைத் தேடி அலைகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்களை வளர மறுத்த பிள்ளைகள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதைப் பார்த்தபின் அப்படி ஒதுக்க மனம் வராது.

---

காட்ஸில்லா பிறந்த கதை பலருக்கும் தெரிந்தது. 1954 மார்ச் 1இல் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, அப்பக்கம் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 3இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘காட்ஸில்லா’ வெளியானது. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. அந்த முதல் காட்ஸில்லாவை யாரும் பொம்மையாக நினைத்திருக்க முடியாது. எரிந்த நகரமும் மருத்துவமனைத் தரையில் கிடக்கும் குழந்தைகளும் நிறைந்த படம் அது.

ராட்சசன் குழந்தைகளின் கைக்கு வந்தது 1966இல். சுபுராயா 1963இல் தொடங்கிய சொந்த நிறுவனம் அந்த ஆண்டு ஜனவரி 2இல் கறுப்பு வெள்ளையில் ‘அல்ட்ரா க்யூ’வையும், ஜூலையில் வண்ணத்தில் ‘அல்ட்ராமேனை’யும் ஒளிபரப்பத் தந்தது. ஞாயிறு மாலை 7 மணி. தோக்கியோ வட்டாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீடு அந்த நேரத்தில் அதையே பார்த்தது. தோக்கியோவின் மருசான் நிறுவனம் அதுவரை தகரக் கார்களுக்கும் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் பேர்போனது. 1950களில் அது செய்த தகரக் காடிலாக் காரை இன்றும் பொம்மை ஆர்வலர்கள் வியந்து பேசுவார்கள். அந்த நிறுவனம்தான் ராட்சசர்களை மென்மையான வினைலில் வார்த்துக் கடைக்கு அனுப்பியது. ஒரு கை நீளத்துக்கும் குறைவான உயரம். தலை, கை, கால் தனித்தனி. உள்ளே காற்று.

அந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு நெருப்புக் கதை உண்டு. வினைலுக்கு முன்பு ஜப்பானியப் பொம்மைகள் செல்லுலாய்டில் செய்யப்பட்டன. பளபளப்பானது, எடை குறைந்தது, ஆனால் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். 1932 டிசம்பரில் தோக்கியோவின் ஷிரோகியா அங்காடியில் பொம்மைப் பிரிவில் இருந்த கிறிஸ்துமஸ் மர விளக்கில் தெறித்த பொறி செல்லுலாய்டுப் பொம்மைகளில் விழுந்து, 14 உயிர்கள் போயின. 1950களில் அமெரிக்கச் சந்தையும் செல்லுலாய்டுக்குக் கதவைச் சாத்தியது. செல்லுலாய்டு வேலையில் கைதேர்ந்த சின்னப் பட்டறைகள், முக்கியமாகத் தோக்கியோவின் கிழக்கே இருக்கும் கட்சுஷிகா பகுதியில் இருந்தவை, வினைலுக்கு மாறின. ராட்சச மோகம் வந்தபோது அதற்கு வேண்டிய கைகள் அங்கே தயாராக இருந்தன.

அந்தக் கைகளின் வேலை இன்றும் ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. முதலில் சிற்பி களிமண்ணில் உருவத்தைச் செய்கிறார். அதிலிருந்து மெழுகுப் பிரதி. மெழுகின் மேல் மின்முலாம் முறையில் பல நாட்கள் உலோகம் படியவிட்டு, பிறகு மெழுகை உருக்கி வடித்தால் கையில் இருப்பது ஒரே வாயுள்ள உலோக அச்சு. அதில் திரவ வினைலை ஊற்றி, சுமார் 200 டிகிரி சூட்டிலுள்ள எண்ணெயில் இறக்குகிறார்கள். அச்சின் சுவரை ஒட்டிய வினைல் மட்டும் கெட்டியாகிறது. நடுவில் திரவமாக இருப்பதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி சூட்டில் வைக்கிறார்கள். எத்தனை நொடி கழித்துக் கவிழ்ப்பது என்பதில்தான் சுவரின் தடிமன் இருக்கிறது. அது வேலை செய்கிறவரின் கணிப்பு.

அடுத்து வருவது பார்ப்பவரை வியக்கவைக்கும் கட்டம். அச்சு இரண்டாகப் பிளக்காது. கொம்பும் முள்ளும் செதிலும் உள்ள ஒரு முழுத் தலையை அந்தச் சின்ன வாய் வழியாகவே, சூடு ஆறுவதற்குள் குறட்டால் பற்றி ஒரே இழுப்பில் உருவ வேண்டும். வினைல் சூட்டில் நெளிந்து, குறுகி வெளியே வந்து, மறுபடி தன் வடிவத்துக்கு விரிகிறது. அந்த வாய் இருக்கும் இடம்தான் பொம்மையின் கழுத்து, தோள், இடுப்பு மூட்டு ஆகிறது. ஆக ராட்சசனின் உடற்கூறைச் சிற்பியோடு சேர்ந்து அச்சின் வாயும் தீர்மானிக்கிறது. கழுத்தில்லாத தடித்த உடல், குட்டைக் கை, தூண் கால் என்று அந்தப் பொம்மைகளுக்கு இருக்கும் செல்லமான உருவத்தில் பாதி இந்தத் தொழில்முறையிலிருந்து வந்தது. இதை அறியாமல் அவற்றை ‘விகாரமான நகல்’ என்று சொல்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

---

நகலுக்கு மூலமானவற்றை வரைந்தவர் தோரு நரிதா. 1929இல் பிறந்தவர், சிற்பம் படித்தவர். இளமையில் முதல் ‘காட்ஸில்லா’வுக்காகச் சிற்றுருவக் கட்டடங்கள் செய்த குழுவில் வேலை பார்த்தவர். குழந்தையாக இருந்தபோதே நெருப்பில் இடக்கை வெந்துபோனது. ஒற்றைக் கையின் பலத்திலேயே வரைந்தும் செதுக்கியும் வளர்ந்தார். ‘அல்ட்ராமேன்’ ராட்சசர்களை வரையும்போது அவர் தனக்கென்று மூன்று கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டார். இருக்கும் ஒரு விலங்கை வெறுமனே பெரிதாக்கிக் காட்டக் கூடாது. இரண்டு தலை, பல கை என்று உடலைப் பெருக்கிப் பயமுறுத்தக் கூடாது. புண்ணும் ரத்தமும் சிதைந்த உறுப்பும் காட்டக் கூடாது. ஞாயிறு மாலை சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகள் பார்க்கப்போகும் உருவம் என்பதை அவர் ஒரு கணமும் மறக்கவில்லை. மூன்று தடைகளுக்கும் நடுவில் நின்று அவர் வரைந்தவற்றில் இரண்டு மட்டும் போதும்: நண்டுக் கொடுக்கும் பூச்சி முகமும் கொண்ட பால்டான், சிறு தலையில் தொடங்கிக் கீழே போகப் போக அகலும் ரெட் கிங். அவற்றில் பலவற்றை உடையாகச் செய்துதந்தவர் ரியோசாகு தகயாமா. அவரும் ஓவியர், தன் பட்டறையில் ரப்பரோடு மல்லுக்கட்டி நரிதாவின் கோட்டுக்கு உடம்பு கொடுத்தார்.

நவீன ஓவியத்திலும் சிற்பத்திலும் ஊறிய இருவரின் கையிலிருந்து வந்த உருவங்கள் கடைத்தெருப் பொம்மையாகி, குளியல் தொட்டியிலும் மணல் குழியிலும் புரண்டன என்பது கலை வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. நரிதாவின் மூல ஓவியங்கள் இப்போது ஆவோமொரி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே போகாத லட்சக்கணக்கான குழந்தைகள் அவர் வளைவுகளை விரலால் தடவித் தெரிந்துகொண்டவர்கள்.

பொம்மையின் நிறங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர் வண்ணத்தில் ஒளிபரப்பானாலும் அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. சாம்பலாகத் தெரிந்த ராட்சசன் கடையில் பச்சையாகவும் ஊதாவாகவும் ஆரஞ்சாகவும் நின்றான். ஒரு வண்ண வினைலில் வார்த்து, மேலே இரண்டு மூன்று வண்ணங்களை வாரியடித்திருப்பார்கள். மூலத்தோடு ஒத்துப்போகாத அந்த நிறங்களையே பின்னாளில் சேகரிப்பாளர்கள் உயிராக நேசித்தார்கள். அவர்களுக்கு அதுதான் முதல் நிறம்.

---

குழந்தைகள் நாயகனைவிட ராட்சசனை ஏன் அதிகம் விரும்பினார்கள்? அல்ட்ராமேன் அடுத்த வாரமும் வருவான். ராட்சசன் வரமாட்டான். அரைமணி நேரத்தில் தோன்றி, கட்டடங்களை உடைத்து, வெடித்துச் சாகிறவன் அவன். அந்த மரணத்தில் இருந்த அநியாயத்தைத் தொடரை எடுத்தவர்களே உணர்ந்திருந்தார்கள்.

அகியோ ஜிஸ்ஸோஜி இயக்கி, மமோரு சசாகி எழுதிய 23ஆம் பகுதி இதற்குச் சான்று. விண்வெளிப் போட்டியில் ஒரு நாடு அனுப்பிய வீரன் தண்ணீரில்லாத கோளில் கைவிடப்படுகிறான். அவன் தொலைந்ததை அரசு மறைத்துவிடுகிறது. அந்த வறட்சியில் உடல் மாறி, ராட்சசனாகிப் பூமிக்குத் திரும்புகிறான், பெயர் ஜமீலா. அவன் யாரென்று தெரிந்தபின்னும் கொல்லும்படி உத்தரவு வருகிறது. எந்தத் தண்ணீருக்காக ஏங்கினானோ அதையே பீய்ச்சி அல்ட்ராமேன் அவனைக் கொல்கிறான். சேற்றில் புரண்டு அவன் கத்துவது நீளமாக, குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் காட்டப்பட்டது. மறுநாள் பள்ளிகளில் பிள்ளைகள் சட்டைக் கழுத்தைத் தலைக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டு ஜமீலா ஆனார்கள். நாயகனாக ஆகாமல் அவனாக ஆனார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

இதே இருவர் 35ஆம் பகுதியில் கொல்லப்பட்ட ராட்சசர்களுக்கு நினைவஞ்சலிக் கூட்டம் நடத்திக் காட்டினார்கள். வரிசையாகப் புகைப்படங்கள், அஞ்சலி. விண்வெளியில் உள்ள ராட்சசக் கல்லறையிலிருந்து தவறிப் பூமியில் விழுந்த சீபோஸு என்ற எலும்புருவம் யாரையும் தாக்காது. வானத்தைப் பார்த்து அழும், கட்டடத்தின் மேல் ஏறித் தன் இடத்துக்குப் போகப் பார்க்கும். அல்ட்ராமேன் அதை வீட்டுக்கு அனுப்பிவைப்பான்.

தொடர் ராட்சசனைக் கொன்றது, பொம்மை அவனைத் திருப்பிக் கொடுத்தது. திரையில் செத்த ஜமீலா வீட்டில் உயிரோடு இருந்தான். வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு இது தெரிந்திருக்காது. ஆனால் ஒரு குழந்தை ஏன் அந்த வினைல் உருவத்தோடு தூங்கப் போனது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை.

---

மோகம் இரண்டரை ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1968 ஜனவரியில் ஷிகெரு மிசுகியின் ‘கெகெகே நோ கிதாரோ’ தொலைக்காட்சிக்கு வந்தது. குழந்தைகள் ராட்சசனை விட்டுவிட்டுப் பேய்களின் பின்னால் ஓடினார்கள். மருசான் அந்த ஆண்டிலேயே நொடித்துப்போனது. அங்கே வேலை செய்தவர்கள் 1969இல் புல்மார்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பழைய அச்சுகளில் மீண்டும் வார்த்தார்கள். 1971இல் ‘திரும்பி வந்த அல்ட்ராமேன்’ ஒளிபரப்பானதும் இரண்டாவது அலை அடித்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. வினைல் எண்ணெயிலிருந்து வருவது. 1977இல் புல்மார்க்கும் மூடியது. அதன்பின் பான்டாய் குழுமத்தின் பாப்பி, பிறகு 1983 முதல் பான்டாயே நேரடியாக. 2013இல் பான்டாய் உருவத்தைச் சின்னதாக்கி, 500 யென் விலையில் ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. இன்றைய குழந்தைகளின் கையில் இருப்பது அது.

இந்தச் சரிவுகளில் எத்தனை அச்சுகள் பழைய உலோகமாகப் போயின, எத்தனை பெட்டிகள் கிட்டங்கியில் கிடந்தன என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. களிமண்ணில் உருவம் செய்த சிற்பிகளின் பெயர் பொம்மையில் இருக்காது. உள்ளங்காலில் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அருங்காட்சியகங்களும் அப்போது இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எது எந்த ஆண்டு வந்தது, எந்த நிறம் முதலில் வார்த்தது, எந்த அச்சில் கொம்பின் கோணம் மாறியது என்ற அட்டவணைகளை உண்டாக்கியவர்கள், வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளே. ஊர்ப்புறங்களில் மூடும் தறுவாயில் இருந்த மிட்டாய்க் கடைகளுக்கும் பொம்மைக் கடைகளுக்கும் போய், மேலடுக்கில் தூசு படிந்து கிடந்த விற்காத சரக்கை இறக்கச் சொல்லி வாங்கினார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளிகளைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள்.

தோக்கியோவில் நகானோ பிராட்வே என்ற கட்டடம் 1966இல் திறக்கப்பட்டது. வசதியானவர்கள் குடியிருக்கவும் கீழே கடைகள் வைக்கவும் கட்டியது. 1980இல் அதில் ஒரு சின்னப் பழைய காமிக்ஸ் கடை தொடங்கியது. அதன் பெயர் மண்டராகே. இன்று அதன் கிளைகள் அந்தக் கட்டடத்தின் பல தளங்களில் பரவியிருக்கின்றன. கண்ணாடி அலமாரிகளில், ஒவ்வொரு ராட்சசனுக்கும் கழுத்தில் விலைச்சீட்டு. சில அரிய மருசான், புல்மார்க் உருவங்களுக்கு லட்சக்கணக்கான யென். 1994இல் தோக்கியோ தொலைக்காட்சியில் தொடங்கிய பழம்பொருள் மதிப்பிடும் நிகழ்ச்சி இந்த விலைகளைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுபோனது. அதில் பொம்மைகளை மதிப்பிடும் தெருஹிசா கிதஹாரா, 1986இல் யோகோஹாமாவில் தகரப் பொம்மை அருங்காட்சியகம் திறந்தவர். பரணில் கிடந்ததை மூட்டையாகக் கட்டி எறிய இருந்த தாய்மார்கள் அன்றிலிருந்து ஒருமுறை யோசிக்கத் தொடங்கினார்கள்.

---

இதற்கு இணையான கதை அமெரிக்காவிலும் உண்டு. 1961இல் அரோரா நிறுவனம் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு, 98 சென்ட் விலைக்கு விற்றது. டிராகுலா, ஓநாய் மனிதன், மம்மி என்று வரிசை நீண்டு, 1964இல் காட்ஸில்லாவும் அதில் சேர்ந்தது. துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டி முடிப்பது வாங்கிய பையனின் வேலை. பசை வழிந்த, கண் ஒன்று மேலேறிய பூதங்கள் ஒரு தலைமுறையின் படுக்கையறை அலமாரிகளில் நின்றன. இப்போது அந்தப் பெட்டிகளைச் சேர்க்கிறவர்கள் எதற்கு அதிக விலை தருகிறார்கள்? பிரிக்காத பெட்டிக்கு. ஒட்டாத துண்டுகளுக்கு. பூதமாக ஆகவே ஆகாத பூதத்துக்கு.

ஜப்பானிய வினைலிலும் நிலைமை இதுதான். பிளாஸ்டிக் பையும் அதன் மேல் மடித்துக் குத்திய வண்ண அட்டையும் பிரியாமல் இருந்தால் விலை பல மடங்கு. யாரும் விளையாடாத பொம்மைதான் சந்தையில் உசத்தி. ஆவணமாக அதற்கு மதிப்புண்டு, மறுக்க முடியாது. மூல வண்ணம் என்னவென்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அது அதற்கு நடக்கவில்லை. மூக்கில் வண்ணம் தேய்ந்த, கொடுக்கின் நுனியைப் பல் கடித்த பால்டான்தான் 1966ஐ உடம்பில் வைத்திருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதை எடுப்பது என்பதில் சந்தைக்கும் நினைவுக்கும் இடையே நிஜமான ஒரு பிணக்கு இருக்கிறது. விலை ஏற ஏறப் பல சேகரிப்பாளர்கள் சந்தையின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பது வருத்தமான விஷயம்.

‘அல்ட்ரா க்யூ’வின் 15ஆம் பகுதியில் சேர்த்துவைக்கும் இந்த ஆசையையே ஒரு ராட்சசனாக ஆக்கிக் காட்டியிருந்தார்கள். காசு சேர்ப்பதே வேலையாக இருக்கும் ஒரு பையன் விசித்திரமான கூட்டுக்குள் மாட்டி, மறுநாள் கானெகோனாக எழுகிறான். வாய்க்குப் பதில் ஜிப், நெஞ்சில் எண்கள் காட்டும் கணக்குப் பெட்டி. காசு தின்றால்தான் உயிர் தரிக்கும். அவன் நண்பர்கள் அவனை விரட்டவில்லை; கையில் இருப்பதைக் கொடுத்துச் சாப்பிட வைக்கிறார்கள். அந்தக் கானெகோன் இன்று சேகரிப்பாளர்களுக்கு மிகப் பிடித்த உருவங்களில் ஒன்று.

---

மார்க் நகாட்டாவின் கதையில் சேகரிப்பு வேறொரு பொருள் பெறுகிறது. கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஜப்பானிய அமெரிக்கர். ஒன்பது வயதில், ஜப்பானில் இருந்த அத்தையும் மாமாவும் அனுப்பிய ஒரு பெட்டி வந்தது; உள்ளே அல்ட்ரா வரிசைப் பொம்மைகள். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவரைப் போன்ற முகமுள்ள நாயகர்கள் இல்லை. அந்தப் பெட்டியில் இருந்தார்கள். வளர்ந்து ஓவியரானபின் ‘சூப்பர்7’ என்ற ஜப்பானியப் பொம்மை இதழை நண்பரோடு சேர்ந்து தொடங்கினார். பிறகு மேக்ஸ் டாய் என்ற சிறு நிறுவனத்தை ஏற்படுத்தி, ஜப்பானியப் பட்டறைகளிலேயே புது ராட்சசர்களை வார்க்கச் செய்து, தன் கையால் வண்ணம் தீட்டினார். 2018இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பைக் கண்காட்சியாக வைத்தது. போர்க்காலத் தடுப்பு முகாம்களின் வரலாற்றைச் சொல்லும் கட்டடத்தில் புல்மார்க் ராட்சசர்கள் நின்றார்கள். அது பொருத்தமான இடம்தான். இரண்டு நாடுகளுக்கு நடுவில் வளர்ந்த ஒரு பிள்ளை தன்னைக் கண்டுகொண்ட வழி அந்த வினைலில் இருந்தது.

ஜப்பானில் இந்தப் பொறுப்பைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர் ஹிதேயாகி அன்னோ. 1960இல் பிறந்தவர், அல்ட்ராமேன் வந்தபோது சரியான வயது. ‘எவாஞ்சலியன்’ அனிமே தொடர் மூலம் உலகப் புகழ் பெற்றபின், படப்பிடிப்புச் சிற்றுருவங்களும் உடைகளும் குப்பைக்குப் போவதைப் பொறுக்காமல் 2012இல் தோக்கியோ தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார். 2017இல் அதற்கென ஓர் ஆவணக்காப்பு அமைப்பு உருவானது. சுபுராயாவின் சொந்த ஊரான ஃபுகுஷிமா மாநிலத்துச் சுககாவாவில் 2020இல் காப்பகமே திறந்துவிட்டது. மிச்சமிருக்கும் சிற்றுருவக் கட்டடங்களையும் வாகனங்களையும் அங்கே அலமாரி அலமாரியாக வைத்துப் பழுது பார்க்கிறார்கள். அந்த ஊர்த் தெருக்களில் ராட்சசர்களுக்குச் சிலைகள் உண்டு. 2022இல் அன்னோ எழுத, ஷின்ஜி ஹிகுச்சி இயக்கிய ‘ஷின் அல்ட்ராமேன்’ படத்தில் நாயகனின் நெஞ்சில் வழக்கமாக மின்னும் விளக்கு இல்லை. அல்ட்ராமேனையும் வடிவமைத்த நரிதா தன் வடிவில் அதை வரையவே இல்லை. அவருக்குப் பிடிக்காமல் பின்னால் சேர்த்தது. ஐம்பத்தாறு ஆண்டு கழித்து, ஒரு ரசிகர் அதை எடுத்துவிட்டார்.

---

சேகரிப்பு என்றால் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுவது என்று நினைக்கிறவர்களுக்கு வினைலின் குணம் தெரியாது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பசை ஆண்டுகள் போகப்போக வெளியே கசிகிறது. பொம்மை பிசுபிசுக்கும், ஒன்றையொன்று தொட்டபடி வைத்தால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஏறும், கடினப் பிளாஸ்டிக்கில் சாய்த்து வைத்தால் அதைக் கரைத்துப் பள்ளமாக்கும். எண்ணெய் போனபின் வினைல் சுருங்கி, இறுகி, வெடிக்கும். வெயில் பட்டால் மஞ்சளாகும். ஆகவே சேகரிப்பாளர்கள் இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள், வெயிலை மறைக்கிறார்கள், கோடையில் சூட்டைக் கவனிக்கிறார்கள். நசுங்கிய காலை வெந்நீரில் அமிழ்த்தி மெல்லத் திருப்பி நிமிர்த்துகிறார்கள். ராட்சசனுக்கும் முதுமை உண்டு. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

வார்க்கிறவர்களுக்கும் முதுமை வந்துவிட்டது. ஜப்பானில் கையால் வினைல் வார்க்கும் பட்டறைகள் இப்போது குறைவு. பெரிய நிறுவனங்களின் உற்பத்தி வெகு நாட்களுக்கு முன்பே சீனாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் போய்விட்டது. மிஞ்சிய பட்டறைகளைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் இருக்கும் ரசிகர்கள் ‘சோஃபுபி’ என்ற பெயரில் சிறு சிறு தொகுதிகளாக வார்க்கச் சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு எட்டாத விலை. இது குறைதான். ஆனாலும் அந்த ஆர்டர் இல்லாவிட்டால் குறட்டால் ஒரே இழுப்பில் தலையை உருவும் கைப்பழக்கம் அடுத்தவருக்குப் போய்ச் சேர வழியில்லை.

பழைய பொம்மைகளை ஏலத்தில் விற்கும்போது குறைகளின் பட்டியலில் அடிக்கடி ஒன்று வரும்: உள்ளங்காலில் பெயர் எழுதியிருக்கிறது. பள்ளிக்கும் பூங்காவுக்கும் எடுத்துப் போனால் மாறிவிடக் கூடாது என்று, குழந்தையோ அம்மாவோ மார்க்கர் பேனாவால் எழுதியது. நிறுவனத்தின் முத்திரைக்குப் பக்கத்திலேயே. விலை குறையும். சிலர் ரசாயனம் தடவி அழித்துவிட்டு விற்கிறார்கள். அது தவறு. உடையைச் செய்தவரின் பெயர் பொம்மையில் இல்லை, உருவம் செய்த சிற்பியின் பெயரும் இல்லை, முத்திரை குத்திய நிறுவனமும் நொடித்துப்போய்விட்டது. அந்தக் காலில் இருக்கும் ஒரே மனிதப் பெயர் அதுதான். வாங்குகிறவர் அதை அப்படியே விட்டுவைத்து, தன் பட்டியலில் நிறம், அச்சு, ஆண்டு என்று குறிக்கும் இடத்தில் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.